வீடுகளின் மிகக்குறைந்த மின்னழுத்த விளக்கமைப்புகளுக்கேற்ற மின்சுற்றுத் துண்டிப்பான்களைத் தெரிவு செய்தல்

ஆய்வுச் சுருக்கம்

வீடுகளில் 12 வோல்ட், 24 வோல்ட் ஆகிய மிகக்குறைந்த மின்னழுத்தங்களில் இயங்கும் எல்.இ.டி. விளக்குகள் பெருகி வருகின்றன. மின்னதிர்ச்சி அச்சம் குறைவு என்பதால் இவ்வமைப்புகளுக்குப் பாதுகாப்பே தேவையில்லை என்றும், 230 வோல்ட் சுற்றில் பொருத்தும் துண்டிப்பானையே இங்கும் பொருத்தினால் போதும் என்றும் இருவகைக் கருத்துகள் நடைமுறையில் நிலவுகின்றன. இவ்விரண்டும் பொருந்தாமையை இக்கட்டுரை எண்வழிக் கணக்கீடுகளால் விளக்குகிறது. மின்னழுத்தம் குறையும்போது குறுக்குச்சுற்று மின்னோட்டமும் குறைந்து, துண்டிப்பானின் காந்தப் பொறி இயங்காமல் போகக்கூடும் என்பதே இதன் மையக் கருத்தாகும்.

திறவுச் சொற்கள்

மின்சுற்றுத் துண்டிப்பான், உருகி, மிகக்குறைந்த மின்னழுத்தம், நேர்திசை மின்னோட்டம், குறுக்குச்சுற்று, எல்.இ.டி. விளக்கு.

1. முன்னுரை

தமிழ்நாட்டு வீடுகளின் விளக்குச் சுற்றுகள் நெடுங்காலமாக ஒரே அமைப்பில் இருந்து வந்துள்ளன. 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம், ஒரு சுற்றுக்குப் பத்து இணைப்புப் புள்ளிகளுக்கு மிகாமை, 800 வாட் பளுவுக்கு மிகாமை என்பன ஐ.எஸ். 732 என்னும் இந்தியத் தரநிலையின் வழியே வழக்கில் நிலைத்த வரம்புகள். 800 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 3.5 ஆம்பியர் கிடைக்கும். அதனால்தான் விளக்குச் சுற்றுக்கு 6 ஆம்பியர் துண்டிப்பான் என்பது மின்பணியாளர்களிடையே எழுதாத விதியாக நிலைபெற்றது.

அண்மைக் காலத்தில் இந்நிலை மாறியுள்ளது. 2011ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீடு ஒவ்வொன்றுக்கும் சூரிய மின்சக்தியால் இயங்கும் 5 சி.எஃப்.எல். விளக்குகள் வழங்கப்பட்டன. சூரிய ஒளித்தகடும் மின்கலமும் கொண்ட சிறு விளக்கமைப்புகள் தோட்ட வீடுகளிலும் மலைக் குடியிருப்புகளிலும் இடம்பெற்றுள்ளன. நகர்ப்புற வீடுகளில் பொய்க்கூரை விளக்குகள், சமையலறை மேடையடி விளக்குகள், பூசையறைப் பட்டை விளக்குகள் முதலியன 12 அல்லது 24 வோல்ட்டில் இயங்குகின்றன. இவற்றுக்கான மின்கம்பியும் துண்டிப்பானும் பெரும்பாலும் பழைய 6 ஆம்பியர் வழக்கத்தையோ, கடையில் கைக்குக் கிடைத்த பொருளையோ சார்ந்தே அமைகின்றன. அத்தகைய தெரிவில் எங்கே பிழை நேர்கிறது என்பதும், எவ்வாறு முறையாகத் தெரிவு செய்வது என்பதும் இங்கு ஆராயப்படுகின்றன.

2. சொல்லும் பொருளும்

இப்பொருளைப் பேசுமுன் மூன்று சொற்களின் பொருளை வரையறுத்துக் கொள்வது தேவையாகிறது.

முதலாவது, ‘குறைந்த மின்னழுத்தம்’. ஊர்ப்புறங்களில் ‘லோ வோல்டேஜ்’ என்றால் விளக்கு மங்கி எரியுமளவு மின்சாரம் இறங்கிவிட்ட நிலையைக் குறிக்கும். பொறியியல் தரநிலைகளில் 1000 வோல்ட் வரையிலான மாறுதிசை மின்சாரமும் 1500 வோல்ட் வரையிலான நேர்திசை மின்சாரமும் குறைந்த மின்னழுத்தமே. வீட்டின் 230 வோல்ட்டும் அதனுள் அடங்கும். 50 வோல்ட்டுக்கு மிகாத மாறுதிசை மின்சாரமும் 120 வோல்ட்டுக்கு மிகாத நேர்திசை மின்சாரமும் ‘மிகக்குறைந்த மின்னழுத்தம்’ எனப்படும். இக்கட்டுரை இம்மூன்றாவது பொருளையே எடுத்துக்கொள்கிறது.

இரண்டாவது, ‘மின்கசிவு’. தீ விபத்துச் செய்திகளில் ‘மின்கசிவே காரணம்’ என்று எழுதுவது வழக்கம். உண்மையில் மின்கசிவு என்பது மின்னோட்டம் தன் வழியை விட்டு நிலத்துக்கோ உடலுக்கோ செல்வது. இரு கம்பிகள் நேரடியாகத் தொட்டுக்கொள்வது குறுக்குச்சுற்று. கம்பி தாங்கும் அளவைவிட மிகுதியான கருவிகளை இணைப்பது மிகைப்பளு. இம்மூன்றுக்கும் பாதுகாப்புக் கருவிகள் வேறு. மின்கசிவுக்கு ஆர்.சி.சி.பி. எனப்படும் கசிவுத் துண்டிப்பானும், பின்னிரண்டுக்கும் எம்.சி.பி. எனப்படும் துண்டிப்பானும் பொருத்தப்படுகின்றன. சொல் மயங்கினால் கருவியும் மயங்கும். 12 வோல்ட் மின்கலச் சுற்றில் நேரும் குறுக்குச்சுற்றை 230 வோல்ட் பக்கத்து ஆர்.சி.சி.பி. அறியவே அறியாது.

மூன்றாவது, ‘உருகி’. பீங்கான் கட்டையில் செம்புக் கம்பியைச் சுற்றிய பழைய பீஸ் கட்டையை மட்டும் இச்சொல் குறிப்பதன்று. வாகனங்களில் காணப்படும் தகட்டு உருகி, கண்ணாடிக்குழல் உருகி ஆகியனவும் இதிலடங்கும். மிகக்குறைந்த மின்னழுத்தச் சுற்றுகளில் பல இடங்களில் துண்டிப்பானைவிட உருகியே பொருத்தமானது என்பது பின்னர்க் காட்டப்படும்.

3. துண்டிப்பான் இயங்கும் முறை

வீட்டுத் துண்டிப்பானுக்குள் இரு பொறிகள் உள்ளன. ஒன்று ஈருலோகப் பட்டை. மிகைப்பளுவால் மெல்லச் சூடேறி வளைந்து சுற்றைத் திறப்பது இதன் பணி. ஐ.இ.சி. 60898-1 தரநிலையின்படி, குறித்த அளவைப்போல் 1.13 மடங்கு மின்னோட்டம் ஒரு மணி நேரம் பாய்ந்தாலும் துண்டிப்பான் திறக்கக்கூடாது, 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் திறந்தாக வேண்டும், 2.55 மடங்கில், 32 ஆம்பியர் வரையிலான துண்டிப்பான்கள் 1 நொடிக்கும் 60 நொடிக்கும் இடையில் திறக்க வேண்டும்.

மற்றொன்று காந்தச் சுருள். குறுக்குச்சுற்றின்போது கண்ணிமைக்கும் நேரத்தில் திறப்பது இதன் பணி. மாறுதிசை மின்சாரத்தில் பி வகை 3 முதல் 5 மடங்கிலும், சி வகை 5 முதல் 10 மடங்கிலும், டி வகை 10 முதல் 20 மடங்கிலும் இப்பொறி இயங்கும்.

நேர்திசை மின்சாரத்தில் இவ்வெல்லைகள் மாறுகின்றன. மாறுதிசை மின்னோட்டத்தின் உச்ச மதிப்பு அதன் பயனுறு மதிப்பைப்போல் ஏறத்தாழ 1.41 மடங்கு. காந்தச் சுருள் உச்ச மதிப்புக்கே வினைபுரிகிறது. நேர்திசை மின்னோட்டத்தில் அத்தகைய உச்சம் இல்லையாதலால் சுருளை இயக்க மிகுதியான மின்னோட்டம் தேவைப்படுகிறது. இருவகை மின்னோட்டத்துக்கும் உரிய ஐ.இ.சி. 60898-2 தரநிலை, நேர்திசையில் பி வகைக்கு 4 முதல் 7 மடங்கும், சி வகைக்கு 7 முதல் 15 மடங்கும் வகுத்துள்ளது. ஆகவே சி வகை 10 ஆம்பியர் துண்டிப்பான் மின்கலச் சுற்றில் உறுதியாக உடனே திறப்பதற்கு 150 ஆம்பியர் பாய வேண்டும். 12 வோல்ட் சுற்றில் அவ்வளவு மின்னோட்டம் பாயுமா என்பதே கேட்கப்பட வேண்டிய வினா.

4. மின்னழுத்தக் குறைவும் மின்னோட்ட மிகுதியும்

திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். 60 வாட் விளக்குத் தொகுதி 230 வோல்ட்டில் ஏறத்தாழ கால் ஆம்பியரும், 24 வோல்ட்டில் 2.5 ஆம்பியரும், 12 வோல்ட்டில் 5 ஆம்பியரும் எடுக்கும். அதே ஒளிக்கு 12 வோல்ட் கம்பி 19 மடங்கு மின்னோட்டத்தைச் சுமக்கிறது.

மின்கலத்திலிருந்து 10 மீட்டர் தொலைவில் இத்தொகுதி இருப்பதாகக் கொள்வோம். போய்வரும் கம்பியின் நீளம் 20 மீட்டர். செம்புக் கம்பியின் தரநிலை மின்தடை 1.5 சதுர மி.மீ. அளவுக்குக் கிலோமீட்டருக்கு 12.1 ஓம், 2.5க்கு 7.41, 4க்கு 4.61, 6க்கு 3.08. இவற்றைக் கொண்டு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் பாயும்போது ஏற்படும் மின்னழுத்த இழப்பும், கம்பியின் கடைமுனையில் குறுக்குச்சுற்று நேர்ந்தால் பாயும் மின்னோட்டமும் கணக்கிடப்பட்டன. குறுக்குச்சுற்றுக் கணக்கில், பி.வி.சி. மின்காப்பின் இயல்பு வரம்பான 70 பாகை செல்சியசுக்குக் கம்பி சூடேறி, அதன் மின்தடை ஏறத்தாழ 20 விழுக்காடு கூடியுள்ளதாகக் கொள்ளப்பட்டது. மின்கலத்தின் உள்தடை இங்குச் சேர்க்கப்படவில்லை.

1.5 சதுர மி.மீ.: இழப்பு 1.21 வோல்ட், அதாவது 10 விழுக்காடு. குறுக்குச்சுற்று மின்னோட்டம் 41 ஆம்பியர்.
2.5 சதுர மி.மீ.: இழப்பு 0.74 வோல்ட், 6.2 விழுக்காடு, 68 ஆம்பியர்.
4 சதுர மி.மீ.: இழப்பு 0.46 வோல்ட், 3.8 விழுக்காடு, 109 ஆம்பியர்.
6 சதுர மி.மீ.: இழப்பு 0.31 வோல்ட், 2.6 விழுக்காடு, 163 ஆம்பியர்.

இதே 1.5 சதுர மி.மீ. கம்பியில், இதே தொலைவில், 230 வோல்ட்டில் குறுக்குச்சுற்று நேர்ந்தால் பல நூறு ஆம்பியர் பாயும். எந்த வீட்டுத் துண்டிப்பானும் உடனே திறந்துவிடும். 12 வோல்ட்டில் பாய்வதோ 41 ஆம்பியரே.

5. திறக்காத துண்டிப்பான்

மேற்கண்ட அளவுகளை நேர்திசைக்குரிய காந்தப் பொறி எல்லைகளோடு ஒப்பிட்டால் நிலைமை தெளிவாகும். பி வகை 6 ஆம்பியர் துண்டிப்பான் உறுதியாகத் திறக்க 42 ஆம்பியர் தேவை. சி வகை 6 ஆம்பியருக்கு 90. சி வகை 10 ஆம்பியருக்கு 150. சி வகை 16 ஆம்பியருக்கு 240. மின்பணியாளர் வழக்கில் ‘ஒன்றரை ஸ்கொயர்’ எனப்படும் கம்பியின் 41 ஆம்பியர் இவற்றுள் எதையும் எட்டவில்லை. 2.5 சதுர மி.மீ. கம்பியில் பி வகை 6 ஆம்பியர் மட்டும் உறுதியாக இயங்கும். சி வகை 6 ஆம்பியருக்கு 4 சதுர மி.மீ. கம்பியும், சி வகை 10 ஆம்பியருக்கு 6 சதுர மி.மீ. கம்பியும் தேவைப்படுகின்றன.

காந்தப் பொறி இயங்காவிடில் ஈருலோகப் பட்டையையே நம்ப வேண்டியுள்ளது. சி வகை 16 ஆம்பியர் துண்டிப்பானை 1.5 சதுர மி.மீ. கம்பிக்குப் பொருத்திய நிலையை எடுத்துக்கொள்வோம். 41 ஆம்பியர் என்பது 16இன் ஏறத்தாழ 2.55 மடங்கு. அந்நிலையில் 60 நொடி வரை திறக்காமல் இருக்கத் தரநிலையே இடமளிக்கிறது. ஆனால் பி.வி.சி. காப்புடைய செம்புக் கம்பி, 41 ஆம்பியரில், வெப்பம் வெளியேறாது என்று கொண்டு கணக்கிட்டால், ஏறத்தாழ 18 நொடியில் 70 பாகையிலிருந்து 160 பாகையை எட்டிவிடும். 160 பாகை என்பது குறுக்குச்சுற்றின்போது அம்மின்காப்புக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பு. நடைமுறையில் ஓரளவு வெப்பம் வெளியேறுவதால் இக்கால அளவு சற்று நீளும். எனினும், பொய்க்கூரைக்குள் பஞ்சு, மரச்சட்டம், அட்டை ஆகியவற்றோடு நெருங்கிக் கிடக்கும் கம்பிக்கு அந்த இடைவெளி காப்பாகாது.

எனவே மிகக்குறைந்த மின்னழுத்தம் தொடுவதற்கு அச்சமற்றதாயினும் தீ அச்சத்தைப் போக்குவதில்லை. மின்னதிர்ச்சியை முடிவு செய்வது மின்னழுத்தம். கம்பியின் சூட்டை முடிவு செய்வது மின்னோட்டம்.

6. மின்மூலத்தின் இயல்பு

துண்டிப்பானைத் தெரிவு செய்யுமுன் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிய வேண்டும். வீட்டு விளக்கமைப்பில் மூவகை மூலங்கள் உள்ளன.

6.1 மின்கலம்

நல்ல நிலையிலுள்ள 12 வோல்ட் ஈய–அமில மின்கலத்தின் உள்தடை சில மில்லி ஓம் அளவே. 5 மில்லி ஓம் எனக் கொண்டால் முனைகளில் நேரும் குறுக்குச்சுற்றில் 2400 ஆம்பியர் பாயும். கடைமுனையில் மின்னோட்டம் போதாமையும் தொடக்கமுனையில் மின்னோட்டம் மிகுதியாதலும் ஒரே சுற்றில் அமைந்திருப்பதே இம்மூலத்தின் சிக்கல். ஆகவே மின்கலத்தின் நேர்முனைக்கு இயன்றவரை அருகில் முதன்மை உருகியோ துண்டிப்பானோ இருத்தல் வேண்டும். அதன் துண்டிக்கும் திறன் மின்கலம் தரக்கூடிய உச்ச மின்னோட்டத்தைவிட மிகுதியாக இருக்க வேண்டும். சிறு கண்ணாடிக்குழல் உருகிகளுள் குறைந்த துண்டிக்கும் திறனுடையவை 35 ஆம்பியர் அல்லது தம் அளவைப்போல் பத்து மடங்கு, இவற்றுள் எது பெரிதோ அதை மட்டுமே பாதுகாப்பாகத் துண்டிக்கும். அவற்றை மின்கல முனையில் பொருத்துவது தகாது.

6.2 எல்.இ.டி. டிரைவர்

230 வோல்ட்டை 12 அல்லது 24 வோல்ட்டாக மாற்றித் தரும் மின்னணு டிரைவர், தன் வரம்பைத் தாண்டிய மின்னோட்டத்தைத் தானே கட்டுப்படுத்தும். 60 வாட் டிரைவரின் வெளியீட்டில் 6 ஆம்பியர் துண்டிப்பானைப் பொருத்தினால் அது ஒருபோதும் உடனே திறக்காது. அதற்குரிய 42 ஆம்பியரை டிரைவரால் தரவே இயலாது. அங்கு டிரைவரின் உட்பாதுகாப்பே காப்பு. எனவே அது தரச்சான்று பெற்றதாக இருத்தல் இன்றியமையாதது. ஆனால் 300 வாட் டிரைவர் 12 வோல்ட்டில் 25 ஆம்பியர் தரும். அதிலிருந்து 0.5 சதுர மி.மீ. மென்கம்பிகள் பல பிரிந்தால், ஒவ்வொரு கிளைக்கும் தனி உருகி தேவை. 3 ஆம்பியர் தகட்டு உருகி இதற்குப் பொருந்தும். வாகனத் தகட்டு உருகிகள் பொதுவாக 32 வோல்ட் நேர்திசைக்கு வகுக்கப்பட்டவை; எனவே 12, 24 வோல்ட் சுற்றுகளில் பயன்படுத்தலாம்; 48 வோல்ட்டில் பயன்படுத்தலாகாது.

6.3 மின்மாற்றி

பழைய ஆலசன் விளக்குகளோடு வந்த இரும்புள்ளக மின்மாற்றிகள் இன்னும் சில வீடுகளில் உள்ளன. இவை இயங்கத் தொடங்கும் கணத்தில் இயல்பு மின்னோட்டத்தைப்போல் பன்மடங்கு எடுக்கும். முதன்மைப் பக்கத்தில் பி வகை காரணமின்றித் திறக்கக்கூடும் என்பதால் சி வகை பொருத்தப்படுகிறது. மின்மாற்றி, இரு சுருள்களும் முழுமையாகப் பிரிக்கப்பட்ட பாதுகாப்பு வகையினதாக இருத்தல் வேண்டும்.

7. 230 வோல்ட் பக்கத்துத் துண்டிப்பான்

டிரைவர்களுக்கு மின்னூட்டும் 230 வோல்ட் சுற்றில் வேறொரு சிக்கல் எழுகிறது. 60 வாட் டிரைவர் 85 விழுக்காடு பயனுறுதிறனும் 0.9 திறன் காரணியும் உடையதாயின் ஏறத்தாழ 0.34 ஆம்பியர் எடுக்கும். பத்து டிரைவர்கள் 3.4 ஆம்பியர், 6 ஆம்பியர் துண்டிப்பானுக்குள் அடங்கும். எனினும் ஒவ்வொரு டிரைவரின் உள்ளீட்டிலும் மின்தேக்கி உள்ளது. சுவிட்சைப் போட்ட கணத்தில் அது நொடியின் ஆயிரத்திலொரு பங்குக்கும் குறைவான நேரத்தில் பல ஆம்பியர்களை ஈர்க்கிறது. பத்தும் ஒருங்கே ஈர்க்கும்போது பி வகைத் துண்டிப்பான் திறந்துவிடலாம். இதைக் கண்டு 16 ஆம்பியர் துண்டிப்பானாக மாற்றிவிடுவது பரவலான தவறு, அதனால் 1.5 சதுர மி.மீ. கம்பி தன் காப்பை இழக்கக்கூடும். சி வகை 6 ஆம்பியரைப் பொருத்துவது, அல்லது டிரைவர்களை இரு சுற்றாகப் பிரிப்பது முறையான தீர்வு. ஒரு துண்டிப்பானுக்கு எத்தனை டிரைவர்கள் என்பதை உற்பத்தியாளரின் விவரத்தாளில் காணலாம்.

230 வோல்ட் பக்கத்தில் சி வகை, 12 வோல்ட் மின்கலப் பக்கத்தில் பி வகை என்னும் இவ்வேறுபாடு நினைவிற் கொள்ளத்தக்கது. முன்னதில் குறுக்குச்சுற்று மின்னோட்டம் தாராளமாகக் கிடைக்கிறது. பின்னதில் அதுவே அரிதாகிறது.

8. நேர்திசை மின்வில்லும் துருவ அடையாளமும்

துண்டிப்பானின் தொடுமுனைகள் பிரியும்போது இடையில் மின்வில் எழுகிறது. 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொடுவதால் மின்வில் தானே அணைய வாய்ப்புண்டு. நேர்திசையில் அவ்வாய்ப்பில்லை. செம்பு, வெள்ளி ஆகிய தொடுமுனைகளில் மின்வில் நிலைக்க ஏறத்தாழ 12 முதல் 13 வோல்ட் தேவைப்படுவதால் 12 வோல்ட் சுற்றில் மின்வில் எளிதில் நிலைக்காது. 24, 48 வோல்ட்டில் நிலைக்கும். ஆகவே துண்டிப்பானின் உடலிலோ விவரத்தாளிலோ நேர்திசை மின்னழுத்த அளவு குறிக்கப்பட்டுள்ளதா என்று பார்த்தே வாங்க வேண்டும். ‘230/400 வோல்ட்’ என்று மட்டும் குறித்திருப்பது நேர்திசைக்கான உறுதிமொழியன்று.

சில நேர்திசைத் துண்டிப்பான்களில் மின்வில்லை ஒதுக்கித் தள்ள நிலைக்காந்தம் வைக்கப்பட்டிருக்கும். அவற்றில் நேர், எதிர் அடையாளங்கள் காணப்படும். மாற்றி இணைத்தால் காந்தம் மின்வில்லை அணைக்கும் அறைக்குள் செலுத்தாமல் எதிர்ப்புறம் தள்ளும், கருவியே எரியக்கூடும். மின்கலக் கம்பியில் மின்னேற்றத்தின்போது ஒரு திசையிலும் பயன்பாட்டின்போது மறுதிசையிலும் மின்னோட்டம் செல்வதால், அங்குத் துருவ அடையாளமற்ற வகையே ஏற்றது.

9. தெரிவு முறை: ஓர் எடுத்துக்காட்டு

முன்னர்க் கண்ட 60 வாட், 10 மீட்டர், 12 வோல்ட் மின்கல அமைப்புக்கே தெரிவைச் செய்து காணலாம். அடிப்படை விதி இரண்டு. சுற்றின் இயல்பு மின்னோட்டத்தைவிடத் துண்டிப்பானின் அளவு குறையக்கூடாது. கம்பி தாங்கும் அளவைவிடத் துண்டிப்பானின் அளவு மிகக்கூடாது. துண்டிப்பான் காப்பது விளக்கை அன்று, கம்பியையே என்பது இவ்விதியின் உட்பொருள். இவற்றோடு மிகக்குறைந்த மின்னழுத்தத்தில் மூன்றாவது விதி சேர்கிறது: கடைமுனைக் குறுக்குச்சுற்று மின்னோட்டம் காந்தப் பொறியின் மேலெல்லையைத் தாண்ட வேண்டும்.

5 ஆம்பியருக்கு 6 ஆம்பியர் துண்டிப்பான் முதல் விதிக்குப் பொருந்துகிறது. ஆனால் துண்டிப்பான்கள் 30 பாகை செல்சியசில் அளவிடப்பட்டவை. கோடையில் 40 பாகையைத் தாண்டும் ஊர்களில், மூடிய பெட்டிக்குள், அது குறித்த அளவுக்கு முன்பே திறக்க நேரலாம். 10 ஆம்பியருக்கு மாறினால் மூன்றாவது விதி பழுதாகிறது. எனவே விளக்குகளை 30 வாட் வீதம் இரு சுற்றாகப் பிரிப்பதே சிறந்தது. ஒவ்வொன்றிலும் 2.5 ஆம்பியர், 2.5 சதுர மி.மீ. கம்பி, பி வகை 6 ஆம்பியர் துண்டிப்பான். மின்னழுத்த இழப்பு 0.37 வோல்ட், அதாவது 3.1 விழுக்காடு. மின்கலமும் இணைப்புகளும் சேர்ந்து 20 மில்லி ஓம் தடை தருவதாகவும், மின்கலம் 10.8 வோல்ட்டுக்கு இறங்கியதாகவும் கொண்டாலும் குறுக்குச்சுற்றில் 54 ஆம்பியருக்கு மேல் பாயும். 42 ஆம்பியர் எல்லையை அது தாண்டுகிறது. வீட்டில் தீ மூளாமைக்கு இந்த 12 ஆம்பியர் இடைவெளியே உறுதி.

இதே அமைப்பை 24 வோல்ட்டில் செய்தால் 60 வாட்டும் ஒரே சுற்றில் அடங்கும். 1.5 சதுர மி.மீ. கம்பியிலேயே இழப்பு 2.5 விழுக்காடு, மின்கலம் 21.6 வோல்ட்டுக்கு இறங்கிய நிலையிலும் குறுக்குச்சுற்றில் ஏறத்தாழ 70 ஆம்பியர் பாயும். புதிதாக அமைப்போர் 24 வோல்ட்டைத் தெரிந்தெடுப்பது கம்பிச் செலவையும் குறைக்கும், பாதுகாப்பையும் கூட்டும்.

10. வெற்றுக்கம்பி விளக்குகள்

கூரையின் குறுக்கே இழுத்துக்கட்டிய காப்பற்ற இரு கம்பிகளில் விளக்குகளைத் தொங்கவிடும் அலங்கார முறை ஒன்றுண்டு. உலோகப் பொருளொன்று இரண்டின் மீதும் விழுந்தால் முழுக் குறுக்குச்சுற்றாகாமல் இடைத்தடையோடு சூடேறக்கூடும். இத்தகைய அமைப்புக்குச் சாதாரணத் துண்டிப்பான் போதாது என்பதை ஐ.இ.சி. 60364-7-715 ஏற்கிறது. திறன் 60 வாட்டுக்கு மேல் மிகுந்தால் 0.3 நொடிக்குள் துண்டிக்கும் கண்காணிப்புக் கருவியை அது வேண்டுகிறது. வீடுகளில் இம்முறையைத் தவிர்ப்பதே எளிது.

11. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

• மிகக்குறைந்த மின்னழுத்தம் மின்னதிர்ச்சியிலிருந்து காக்கிறது; தீயிலிருந்து காப்பதில்லை.
• 12 வோல்ட் மின்கலச் சுற்றில் கம்பியின் நீளமும் தடிமனும் குறுக்குச்சுற்று மின்னோட்டத்தை வரையறுக்கின்றன. ஆதலால் கம்பியையும் துண்டிப்பானையும் சேர்த்தே தெரிவு செய்தல் வேண்டும்.
• மின்கலப் பக்கத்தில் பி வகையும், டிரைவர்களுக்கு மின்னூட்டும் 230 வோல்ட் பக்கத்தில் சி வகையும் பொதுவாகப் பொருந்தும்.
• நேர்திசை மின்னழுத்த அளவு குறிக்கப்பட்ட துண்டிப்பானே ஏற்றது. மின்கலக் கம்பியில் துருவ அடையாளமற்றது வேண்டும்.
• மென்கம்பிக் கிளைகளுக்குத் தனித்தனி உருகிகள் தேவை.
• துண்டிப்பான் அடிக்கடி திறந்தால் அளவைக் கூட்டாமல் காரணத்தைக் கண்டறிய வேண்டும். பளுவைப் பிரிக்க வேண்டும்.

வீட்டு மின்னமைப்பைச் செய்பவர் உரிமம் பெற்ற மின்பணியாளராயினும், கம்பியின் நீளம், பருமன், மின்மூலம் ஆகிய மூன்றையும் கேட்டறிந்த பின்னரே துண்டிப்பானின் வகையையும் அளவையும் குறிப்பது முறையாகும். அம்மூன்றையும் துண்டிப்பான் பெட்டியின் உட்புறத்தில் எழுதி ஒட்டிவைத்தால், பின்னாளில் விளக்குகளைக் கூட்டுவோர்க்கும் பழுது பார்ப்போர்க்கும் அது வழிகாட்டும்.